பாட்டா குண்டு

ஜூன் 11

மச்சான் மெட்டல் டிடெக்டர் கருவியைக் கொடுத்துவிட்டான். குவைத்தில் இருந்து கொண்டுவந்தது, இரண்டு வருடமாகப் பரணில் கிடந்திருக்கிறது. பேட்டரி அறை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. வினிகர் தொட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்ததும் உயிர் வந்தது. "கிடைச்சா பாதி எனக்கு" என்றான். என்ன கிடைக்கும் என்று நினைத்தானோ.

அடுத்த மாதம் 18-ம் தேதி தோப்பை விற்கிற பத்திரம்.

ஜூன் 12

அப்பாவுக்கு உப்பு (கிரியேட்டினின்) 8.1. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 14

காலை ஆறு முதல் ஒன்பது வரை தோப்பில். தென்கோடியில் கருவியைக் கீழே கொண்டுபோகவே முடியவில்லை. மணவாளக்குறிச்சிக் கருமணல் இங்கேயும் கலந்து கிடக்கிறது. இல்மனைட்டிலேயே இரும்பு இருக்கிறது, கருவி பாவம் என்ன செய்யும்? ஒன்றுமில்லாத இடத்தில் ஒப்பாரி வைக்கிறது. வட்டத் தட்டைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, இரைச்சல் ஒரே சீராக வரும்வரை திருகைத் திருப்ப வேண்டும். அதற்கே அரைமணி நேரம் போனது.

இரும்பை ஒதுக்கிவிட இதில் ஒரு பொத்தான் உண்டு. நாணயம் தேடுகிறவர்கள் முதலில் அதைத்தான் அமுக்குவார்கள். எனக்கு வேண்டியதே இரும்பு, பாட்டா காலத்தில் வீட்டில் கிடந்த பீரங்கிக் குண்டு. அதனால் தோப்பில் கிடக்கும் ஆணி ஒவ்வொன்றும் கூப்பிட்டது. பாதி லாடம் ஒன்று, நாதாங்கி ஒன்று, கலப்பைக் கொழு ஒன்று, சதுர ஆணி ஏழு. பாட்டில் மூடியை எண்ணவில்லை. சதுர ஆணி கொல்லன் அடித்தது. ஒன்று முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் இழை இழையாக, ஓலை உரித்த மாதிரி இருந்தது. அடித்த இரும்பு அப்படி உரியும். வார்ப்பிரும்பு உரியாது, பொடியும்.

குண்டு இல்லை.

ஜூன் 15

"குண்டு எங்கல கெடக்கு?"

அப்பா கழுத்துக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே கேட்கிறார். இது நாலாவது நாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவை கேட்டதில்லை. பாட்டா காலத்தில் அது அடுக்களைப் படியில் கிடக்கும். ஊறுகாய்ப் பரணிப் பலகைக்கு மேல் கனத்துக்கு வைப்பார்கள். இஞ்சி நசுக்க எடுப்பார்கள். நாங்கள் திண்ணையில் உருட்டி அடி வாங்கியிருக்கிறோம். பழைய வீட்டை இடித்தபோது காணாமல் போனது. பழைய இரும்பு எடுக்கிற ஆக்கர் கடைக்குப் போயிருக்கும் என்கிறார் அத்தான். அப்பாவுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் இருந்து ஒரு துருப்பிடித்த ஆணிகூட ஆக்கர் கடைக்குப் போனதில்லை.

ஜூன் 17

மழை.

ஜூன் 18

மழை விட்ட இடைவெளியில் கிணற்றடி. கீச்சென்று ஒரு குரல், இரும்பின் குரல் இல்லை. நாலு விரல் ஆழத்தில் ஒரு செம்புச் சக்கரம், பழைய திருவிதாங்கூர் நாணயம். சங்கு தெளிவாக இருக்கிறது. தேய்க்காமல் தண்ணீரில் மட்டும் அலசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கையில் வைத்ததும் மனிதருக்கு முகமே மாறிவிட்டது. பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய் என்று வாய்ப்பாடு மாதிரி சொன்னார். அப்புறம், "இது நான் தொலைச்சதுதான் மக்கா" என்றார். அக்கா சிரித்தாள். எதைக் காட்டினாலும் அப்படித்தான் சொல்கிறாராம். நேற்று நர்ஸின் பேனாவையும் சொன்னாராம்.

குடிக்க வெள்ளம் கேட்டார். நாளுக்கு ஒரு லிட்டர்தான். இளநீர் கூடவே கூடாது, பொட்டாசியம். நாற்பத்தியிரண்டு தென்னை நிற்கிறது.

ஜூன் 21

கிடைத்தது.

தொழுவம் நின்ற இடத்தில், இரண்டு சாண் ஆழத்தில். கருவி உறுமிய உறுமலுக்கு ஏதோ மோட்டார் புதைந்து கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். குந்தாலியைத் தொடவில்லை, கொத்துக்கரண்டியாலும் கையாலும் எடுத்தேன். மண்ணும் துருவும் கல்லும் ஒட்டிப்பிடித்து, பெரிய மாதுளம்பழம் மாதிரி ஒன்று. முதலில் பார்த்தது ஓட்டை இருக்கிறதா என்று. ஓட்டை இருந்தால் உள்ளே மருந்து அடைத்த வெடிகுண்டாக இருக்கலாம், எத்தனை பழசானாலும் தொடக்கூடாது, அப்படியே விட்டுவிட்டுப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. கனக் குண்டு.

கை நடுங்கியது. வயதாகிறது போல.

ஜூன் 22

மேலே ஒட்டியிருந்த மண்ணையும் துருவையும் மரச்சுத்தியால் தட்டிக் கழற்றினேன். கயிறு சுற்றி அளந்தால் 27.8 செ.மீ. குறுக்கே கணக்குப் போட்டால் 8.8 சொச்சம். இந்த அளவு வார்ப்பிரும்பு 2 கிலோ 600-க்கு வர வேண்டும். ஆறு பவுண்டுக் குண்டு என்றால் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். மளிகைக்கடைத் தராசில் 2 கிலோ 380 காட்டியது. கால் கிலோவுக்குப் பக்கத்தில் எங்கே போனது?

அப்பா எடை, ஊசி போடும் முன் 53.2 கிலோ, பின் 51.

ஜூன் 23

அத்தான் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல எறியுத குண்டுல்லா இது" என்றார். தோப்புக்கு வடக்கே பள்ளிக்கூட மைதானம். மனிதர் ஒரே வார்த்தையில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார்.

பத்து மணிக்கு டார்ச்சோடு உட்கார்ந்தேன். விளையாட்டுக் குண்டு என்றால் கடைந்து வழவழப்பாக்கி இருப்பார்கள். இதில் இடுப்பைச் சுற்றி மெல்லிய ஒரு வரம்பு ஓடுகிறது, இரண்டு அச்சு சேர்ந்த இடம். ஒரு பக்கம் நகக்கண் அளவு மேடு, உருக்கிய இரும்பை ஊற்றிய வாய். குளச்சலில் இருந்து ஆறு கிலோமீட்டர். 1741-ல் அந்தக் கரையில் இறங்கிய டச்சுக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்ததா, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா படை சுட்டதா, பிற்பாடு அந்த டச்சுப் படையின் டி லனாய் இங்கேயே தங்கி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்த காலத்ததா, திவான் வேலுத்தம்பி காலத்து 1809 கலவரத்ததா? ஒரு முத்திரையும் இல்லாத இரும்பு உருண்டை அதையெல்லாம் சொல்லாது. ஆனால் அத்தானுக்கு நாளைக் காலையே அந்த வரம்பைக் காட்டிவிட வேண்டும்.

ஜூன் 24

காட்டினேன். "செரி செரி" என்றார். அந்த "செரி" எனக்குத் தெரியாதா.

ஜூன் 25

கரண்ட் விட்டுத் துரு எடுக்கப் பெயிண்ட் வாளி, வாஷிங் சோடா லிட்டருக்கு ஒரு கரண்டி, பழைய பேட்டரி சார்ஜர். முதலில் குண்டை நம்பி இறக்கவில்லை, நாதாங்கியை இறக்கினேன். கறுப்பு வயர் நாதாங்கியில், சிவப்பு வயர் எவர்சில்வர் கரண்டியில். குமிழி அழகாக வந்தது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மஞ்சள்.

அக்கா மகளுக்குப் படம் அனுப்பினேன். கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடம். உடனே போன். "மாமா, எவர்சில்வரையா போட்டீங்க? அதுல குரோமியம் இருக்கு, அந்தத் தண்ணி விஷம். தென்னை மூட்டுல ஊத்திராதீங்க!" ஊற்றத்தான் போயிருந்தேன். கேனில் ஊற்றி மூடி, மேலே எழுதி வைத்திருக்கிறேன். இப்போது கட்டடக் கம்பித் துண்டு. ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், வருவது ஹைட்ரஜன், பீடி கூடாது.

ஜூன் 27

நாதாங்கி பளிச்சென்று வந்துவிட்ட தைரியத்தில் குண்டைக் கையில் எடுத்தேன். விரலெல்லாம் கறுப்பு. துரு என்றால் செம்பழுப்பாக அல்லவா இருக்க வேண்டும்? ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து வந்தது. காகிதத்தில் இழுத்துப் பார்த்தேன். பென்சில்.

நிஜமாகவே பென்சில். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் கோடு அதில் போட்டது.

உப்பு மண்ணில் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்து போய்விடும். கார்பன் மட்டும் அதே உருவத்தில் நிற்கும். பார்க்க முழுசாக இருக்கும், வரம்பு இருக்கும், மேடு இருக்கும், மேல்தோலில் இரும்பு இருக்காது. கால் கிலோ போன வழி இதுதான். கரண்டில் போட்டிருந்தால் குமிழி உள்ளிருந்து தள்ளி மேல்தோலை உரித்துப் போட்டிருக்கும். நல்லவேளை.

சார்ஜர் வேண்டாம். ஊறப்போட்டு உப்பை இறக்குவது மட்டும்.

ஜூன் 28

கிணற்றுத் தண்ணீரே உப்பு. அண்டாவில் மழைத்தண்ணீர் பிடித்திருக்கிறேன். சோடா கரைத்துக் குண்டை இறக்கியாயிற்று. முதல் தண்ணீர்.

ஜூன் 30

அத்தான் புதிதாக ஒன்றைப் பிடித்திருக்கிறார், சட்டம். 1878-ம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைக்கும் எதுவும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால், கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பழைய இரும்பு விலையிலேயே பத்து ரூபாய் தாண்டிவிடும். கோட்டைப் பக்கமோ அடுத்தவர் மண்ணிலோ கருவியோடு நான் போனதில்லை, போகவும் மாட்டேன். ஆனால் நம் வீட்டுப் படியில் கிடந்த சாமான் நம் தொழுவத்தில் கிடைத்தால் அது புதையலா? நாம் தொலைத்தது நமக்கே கிடைத்தால்? அது நம்முடையதுதான் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் பேனாவைத் தன்னுடையது என்கிறார்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை.

ஜூலை 3

அக்கா மகள் கொண்டுவந்த சில்வர் நைட்ரேட். சோதனைக்குழாயில் வாளித் தண்ணீர் கொஞ்சம், இரண்டு சொட்டு. கஞ்சித்தண்ணி மாதிரி வெளுத்துவிட்டது. அவ்வளவு உப்பு.

ஜூலை 4

தண்ணீர் மாற்றினேன். சோதித்தேன். கஞ்சி.

ஜூலை 5

மாற்றினேன். கஞ்சி. இது அடங்காது. அப்பாவுக்கும் 7.9.

ஜூலை 6

குண்டைப் போடாத வெறும் சோடாத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன். அதுவும் கஞ்சி! போன் செய்தால் அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள். முதலில் நைட்ரிக் ஆசிட் விட்டு சோடாவை முறிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சோடாவே வெள்ளையாகத் திரியுமாம். "சொன்னேன்லா மாமா." சொல்லியிருப்பாள். அன்றைக்கு நான் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் பயம் வீண். முறைப்படி செய்தபோது மெல்லிய மூட்டம்தான், விளக்குக்கு எதிரே பிடித்தால் தெரிகிற அளவு.

தண்ணீரை நாளுக்கு ஒன்றாக மாற்றுவதும் வீண். ஊற விட வேண்டும். மாதக் கணக்கில் ஆகும் என்கிறாள்.

ஜூலை 9

அப்பாவுக்குக் குண்டின் படம் காட்டினேன். கண்ணாடி போட்டு, போனைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்மளுக்குள்ளது இல்லல. நம்மளுக்குள்ளதுல ஒரு குழி உண்டும்."

ஜூலை 10

குழி.

ஜூலை 11

குழி என்றால் என்ன குழி? விரல் போகிற குழியா? திரி சொருகுகிற ஓட்டையா? அப்படியென்றால் நாங்கள் திண்ணையில் உருட்டியது என்ன? அம்மா இஞ்சி நசுக்கியது எதை வைத்து? ஒரு தலைமுறை முழுக்க அடுக்களையில் மருந்தடைத்த குண்டோடு குடியிருந்தோமா? அக்காவிடம் கேட்டால், "சின்னப் பள்ளம்தான், குன்றிமணி வைக்கலாம்" என்கிறாள். வார்க்கும்போது காற்று அடைபட்டால் அப்படி ஒரு பள்ளம் விழும். அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஆனால் அது இன்னும் தோப்பில் கிடந்தால்? வரப்போவது ஜேசிபி. ஓட்டுகிறவன் சின்னப் பையன், போன வாரம் அளக்க வந்தபோது பார்த்தேன்.

ஜூலை 12 – 16

தினமும் தோப்பு. தொழுவம், அடுக்களை மூலை, எருக்குழி, கிணற்றைச் சுற்றி. கொழு இன்னொன்று. தகரம். தகரம். தகரம். அக்கா, "அப்பாவப் பாக்க வருவியா, மண்ணத் தோண்டுவியா?" என்று கேட்டாள்.

ஜூலை 17

கடைசியாகத் தென்கோடி. கருமணல் கத்திக்கொண்டே இருந்தது. அதற்குள் குண்டு கிடந்தாலும் எனக்குக் கேட்காது.

ஜூலை 18

பத்திரம் முடிந்தது. அப்பாவிடம் தேங்காய் வெட்டு அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறோம்.

ஜூலை 21

கோட்டாறில் கடுக்காய் கால் கிலோ. இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டினேன். அந்தச் சாற்றைக் கழுவிக் காயவைத்த சதுர ஆணிகளில் பிரஷ்ஷால் தடவ, கண்ணெதிரே நீலம் ஓடிக் கறுத்தது. துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. மூன்று பூச்சு, இடையில் ஒரு நாள் காய்ச்சல். அப்புறம் லேசாகச் சூடாக்கித் தேன்மெழுகு. ஏழு ஆணியும் வரிசையாக மேசை மேல். யாரும் கேட்காமலே எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 26

நாதாங்கி வியர்க்கிறது. ஒரு மாதம் முன்பு பளிச்சென்று எடுத்து வைத்தது. அலசினது போதவில்லை. கடுகளவு ஆரஞ்சுச் சொட்டுகள், ஊசியால் தொட்டால் உடைந்து வழிகிறது, கீழே வெறும் குழி. ஆடிச் சாரல் காற்று வேறு. மறுபடி தண்ணீருக்குள் போட்டாயிற்று.

இன்றைக்கு அப்பாவுக்குப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். பிரஷர் இறங்கிவிட்டது. நாளை மறுநாள் பார்க்கலாம் என்றார்கள்.

ஜூலை 28

இன்று முழுசாக ஓடியது. 49.6. வெளியே வந்ததும் கையை நீட்டினார். வெள்ளத்துக்கு என்று நினைத்தேன். அந்தச் சக்கரத்தைக் கேட்டார். சட்டைப்பையில்தான் இருந்தது, கொடுத்தேன். வீடுவரை மூடிய கையைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 2

ஏழாவது தண்ணீர். மூட்டம் குறைந்த மாதிரித்தான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து பார்க்கட்டும். அண்டாவில் மழைத்தண்ணீர் பாதிக்குமேல் இருக்கிறது, எட்டாவதுக்குப் போதும்.