சேத்துல ரெண்டு குட்டி

சாயங்காலம் வனத்துறை வாட்ச்சர் அண்ணன் போன் பண்ணார். "தம்பி, யானைங்க ஓடைக்கு அந்தாண்ட நிக்குது. மாடியிலேருந்து போட்டோ எடுத்துக்கோ, கீழ இறங்கிடாத."

குடியாத்தம் தாண்டி காட்டோரம் மாமாவோட மாந்தோப்பு. ஆந்திராவோட கௌண்டின்யா காட்டு யானைங்க இறங்கி வர்ற வழி. மோட்டார் ரூம் மாடியில 400 எம்எம் லென்ஸ வெச்சுட்டு மூச்சுகூட விடாம உக்காந்திருந்தேன்.

பெரிய குட்டி சேத்துல மல்லாந்து கிடந்துச்சு. சின்னது அது வயித்து மேல ஏறுது, சறுக்குது, திரும்ப ஏறுது. தும்பிக்கைய எப்படிப் புடிக்கிறதுன்னே அதுக்கு இன்னும் பழகல. தண்ணி குடிக்கணும்னா முட்டி போட்டு வாயாலயே குடிக்குது! தாய் ஒரு கால நீட்டி ரெண்டையும் பிரிச்சு விட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

வெளிச்சம் மங்கிடுச்சு. கேமராவுல ஷட்டர் வேகம் 1/500 செகண்ட், மங்கின வெளிச்சத்துக்காக ஏத்தி வெச்ச ஐஎஸ்ஓ 3200. படத்துல புள்ளி இருக்கும், பரவாயில்ல. ஃப்ளாஷ் மட்டும் எந்தக் காரணத்துக்கும் போடாதீங்க.

போன வருஷம் இதே வழியில யானைங்க வந்து மாமாவோட வாழை போச்சு. மாமாவுக்கு அந்த வலி இருக்கு. ஆனாலும் வேலியில திருட்டு கரண்ட் விடமாட்டேன்னு உறுதியா இருக்கார். அவர் மேல எனக்கு அவ்ளோ மரியாத.

சரியான இடத்த மட்டும் கேக்காதீங்க, கூட்டம் சேந்துடும். குட்டிங்க இன்னும் அங்கதான் இருக்கு.