தாராவியிலிருந்து தோஹாவுக்கு: ஈ.சி.ஆர் பாஸ்போர்ட்டோடு அலைந்த கதை

நான் ஒன்பதாவதோடு நின்றவன், அதனால் என் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. வளைகுடா, மலேசியா என்று 18 நாடுகளுக்கு எங்களைப் போன்றவர்கள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அரசாங்கத்தின் அனுமதி வாங்க வேண்டும். பத்தாவது பாஸாகியிருந்தால் இது தேவையில்லை.

எலக்ட்ரீஷியன் வேலையில் மும்பையில் மாதம் பதினெட்டாயிரம் வந்தது, அதில் தாராவி அறை வாடகைக்கே எட்டாயிரம் போய்விடும். தோஹாவில் என் பெரியப்பா மகன் இருக்கிறார், அவர் சொல்லித்தான் கத்தார் வேலையே தெரியும். அப்பா 1979-ல் திருநெல்வேலியிலிருந்து இங்கே தோல் பட்டறைக்கு வந்ததும் இப்படித்தான். "எனக்கு மட்டும் பம்பாயப் பத்தி என்னலே தெரியும்? மாமா இருந்தாரு, வந்தேன்" என்பார். வறுமை எல்லா ஊரிலும்தான் இருக்கிறது, ஆனால் முன்னால் போன ஆள் ஒருவர் இருக்கும் இடத்துக்குத்தான் நாம் போகிறோம். 1973-ல் எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டட வேலை குவிந்ததிலிருந்து இன்றுவரை தெருத் தெருவாக ஆட்கள் போவது இந்தக் கணக்கில்தான்.

முதலில் பார்த்த ஏஜென்ட் எண்பதாயிரம் கேட்டார். "விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். அண்ணன் போனிலேயே சத்தம் போட்டுவிட்டார். அப்படிப் போனால் நாம் வேலைக்குப் போனதாக இங்கே பதிவே இருக்காது, காப்பீடும் கிடையாது, அங்கே மாட்டிக்கொண்டால் கேட்க நாதியில்லை. அப்புறம்தான் இமைக்ரேட் என்ற அரசாங்க இணையதளத்தில் ஏஜென்டின் லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பார்த்து வேறொரு ஏஜென்டைப் பிடித்தேன். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான், அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

கத்தாருக்குப் போகிறவர்களுக்கு மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் மும்பையிலேயே கத்தார் விசா மையத்தில் முடிந்துவிடும். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் சட்டென்று முடிந்தது. ஒப்பந்தத்தைத் திரையில் காட்டியபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. ஏஜென்ட் சொன்னது 1,800 ரியால், திரையில் இருந்தது 1,200. ஒரு ரியாலுக்கு ஏறக்குறைய 23 ரூபாய் என்று வைத்தால் மாதம் பதிமூவாயிரத்துக்கு மேல் அடி. 2021-லிருந்து அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், ஆகவே 1,200 என்பது சட்டப்படி தப்பில்லை, யாரும் கேட்கவும் முடியாது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், மனைவியின் வளையலை அடகு வைத்த பணம் ஏற்கெனவே போய்விட்டது, கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. போடவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

ஏஜென்ட் முதலில் கத்தினார், அப்புறம் கெஞ்சினார். பதினேழு நாள் கழித்து 1,700 என்று திருத்திய ஒப்பந்தம் வந்தது. அன்றைக்கு என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த பையன், இருபது வயதுகூட இருக்காது, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டான். அவனைத் தடுக்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

மற்றதெல்லாம் சுலபம். இரண்டு வருடக் காப்பீட்டுக்கு 275 ரூபாய், அதில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம். புறப்படும் முன் ஒருநாள் பயிற்சி, இலவசம், கட்டாயம் போங்கள். கத்தாரில் 2020-லிருந்து பழைய முதலாளியின் அனுமதி இல்லாமலே வேலை மாறலாம் என்பதை நான் அந்தப் பயிற்சியில்தான் முதலில் கேட்டேன்.

இப்போது லீவில் வந்திருக்கிறேன். மச்சான் தானும் வருகிறேன் என்கிறான். யாரோ ஒரு ஏஜென்டைப் பார்த்துப் பேசியும் விட்டானாம். லைசென்ஸ் நம்பரை அனுப்பச் சொல்லி மூன்று நாளாகிறது, இன்னும் வரவில்லை.