பச்சைக் கறியா, கிபிளா: நாய்க்குட்டியின் கால் ஏன் வளைகிறது?

நாய்க்குப் பச்சைக் கறிதான் ஏற்றது என்று பேசுகிறவர்கள் முதலில் ஓநாயைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆனால் நாய் ஓநாய் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள் இருக்கின்றன. வீட்டு நாயிடம் 4 முதல் 30 வரை இருப்பதாக 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெந்த சோறு நாய்க்கு நன்றாகவே செரிக்கும். கறி தின்றாலும் கிபிள் (கடையில் விற்கும் உலர்ந்த நாய் உணவு) தின்றாலும் நாய் வாழும். கெடுவதெல்லாம் சத்துக் கணக்கில்தான், அதிலும் முதலில் கால்சியக் கணக்கில்.

எலும்பு நீக்கிய கோழிக்கறி 1 கிலோவில் பாஸ்பரஸ் சுமார் 2 கிராம், கால்சியம் 0.1 கிராம்தான். நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், அதிகம் போனால் இரண்டு மடங்கு. வெறும் கறியும் ஈரலும் தின்று வளரும் குட்டிக்கு இரத்தத்தில் கால்சியம் இறங்கப் பார்க்கும். பாராதைராய்டு சுரப்பி அதை எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டும். சில வாரங்களில் குட்டி நடக்க மறுக்கும், தூக்கினால் கத்தும், சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். இந்த நிலையில் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே வரும், ஏனென்றால் எலும்பைக் கரைத்து உடல் அந்த அளவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில்தான் எலும்பின் சுவர் மெலிந்திருப்பது தெரியும்.

“காலையில் வெயிலில் கட்டிப் போடுங்கள், சரியாகிவிடும்” என்பார்கள். நாயின் தோல் வெயிலிலிருந்து தேவையான அளவு வைட்டமின் டி தயாரிக்காது. அது உணவில்தான் வர வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் குட்டிகளுக்கு நல்ல பப்பி கிபிளும் போட்டு, மேலே கால்சியம் சிரப்பும் ஊற்றுவது. ஏறத்தாழ ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, வந்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். குருத்தெலும்பு எலும்பாக மாறுவது குழம்பி, மூட்டு கெடும், முன்னங்கால் கோணும். கால் வளைவதைப் பார்த்து இன்னும் ஒரு பாட்டில் வாங்குவார்கள்! பெரிய இனக் குட்டிக்கான உணவில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒரு கிபிளைக் கொடுத்தால் சிரப்பே வேண்டாம். ஒரு வயது வரை குட்டிக்கு வீட்டில் கறிக்கணக்கு போட வேண்டாம் என்பதே என் கருத்து.

வளர்ந்த நாய்க்குக் கறிதான் கொடுப்பேன் என்றால் வேகவைத்துக் கொடுங்கள். 1 கிலோ எலும்பில்லாக் கறிக்கு 6 கிராம் முட்டை ஓட்டுத் தூள், அதாவது ஒரு தேக்கரண்டியும் கொஞ்சமும். ஓட்டைக் கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைக்க வேண்டும். கறியில் ஈரல் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீறினால் நாளடைவில் வைட்டமின் ஏ உடலில் தேங்கும். முட்டை ஓடு கால்சியத்தை மட்டும்தான் சரிசெய்யும். துத்தநாகம், அயோடின், மாங்கனீஸ், வைட்டமின் டி, ஈ எல்லாம் அப்போதும் குறைவாகவே இருக்கும். அதற்கு நாயின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் தாது உப்புக் கலவை எழுதி வாங்குங்கள்.

பச்சையாகவே போட்டால் கூடுதல் தொல்லை கிருமி. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010–12 காலத்தில் 196 பச்சைக்கறி நாய், பூனை உணவு மாதிரிகளைச் சோதித்தபோது 15-இல் சால்மோனெல்லா, 32-இல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் இருந்தன. ஃப்ரீசரில் வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும். பாக்டீரியா உறங்கும், அவ்வளவுதான். நாய் ஆரோக்கியமாகத் துள்ளும், ஆனால் அதன் மலத்தில் சால்மோனெல்லா போய்க்கொண்டிருக்கும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் பச்சைக் கறி வேண்டவே வேண்டாம். கோழிக் கழுத்து இன்னொரு ஆபத்து: நாயின் நான்கு காலும் தளரும் ஒரு நரம்பு நோய்க்கும் பச்சைக் கோழியில் உள்ள கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கும் தொடர்பிருப்பதாக 2018-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. வேகவைத்த எலும்பு ஊசியாகச் சிதறும். பச்சை மாட்டெலும்பு கடைவாய்ப்பல்லைப் பிளக்கும்.

பச்சைக் கறியில் மலம் குறையும், முடி மினுக்கும். பொய்யில்லை. முடிக்குப் பெரும்பாலும் காரணம் கொழுப்பு. அதை வேகவைத்த உணவிலும் கொடுக்கலாம்.

கிபிளுக்கு வருவோம். மூட்டையிலிருந்து லூஸில் அள்ளிக் கட்டித் தருவதை வாங்காதீர்கள். காற்றுப் பட்டால் கொழுப்பு சிக்கடிக்கும், வைட்டமின்கள் குறையும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை வரும். பையைப் பிரித்தால் ஆறு வாரத்துக்குள் தீரும் அளவில் வாங்கி, பையோடு டின்னில் வையுங்கள். பழைய எண்ணெய் ஒட்டிய டின்னில் புதிதைக் கொட்டினால் அதுவும் சீக்கிரம் கெடும்.

கிபிள் நாய்களுக்கு அதிகம் வருவது உடல் பருமன். கருத்தடை செய்த 20 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 1,050 கலோரி போதும். 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள கிபிளில் அது 300 கிராம். தட்டில் தயிர்சாதமும் விழுந்தால் அந்த அளவுக்குக் கிபிளைக் குறைக்க வேண்டும். குவளையில் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு கால், அரை, முக்கால் என்று புதியதைக் கூட்டுங்கள். பேதியானால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நிற்க வேண்டும்.