இரண்டெழுத்தில் போன ஐந்து வாரங்கள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ரிஸ்பெரிடோன், அதன்பின் ஓலன்சபின் என இரண்டு மருந்துகளை முழு அளவில், ஒவ்வொன்றையும் இரண்டு மாதங்களுக்கு மேல், ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தும் அவனுக்குக் கேட்கும் குரல்கள் நிற்கவில்லை. அவை காதில் விழாமலிருக்க இரவு முழுவதும் தலைமாட்டில் ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு கிடப்பான். இரண்டு மருந்துகள் பலனளிக்காத நோயாளிகளுக்கே குளோசபின் தரப்படும் என்று மருத்துவர் விளக்கியபோது, அம்மாவும் நானும் அன்றே சம்மதித்துக் கையெழுத்திட்டோம்.

குளோசபின் தொடங்குவது கடினமாக இல்லை. 12.5 மில்லிகிராமில் ஆரம்பித்து, ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்துப் பார்த்து, ஐந்தாவது வார முடிவில் 250 மில்லிகிராம் வரை ஏற்றினார்கள். கடினம் முழுவதும் ரத்தப் பரிசோதனையில்தான் இருக்கிறது. இம்மருந்து சிலருக்கு நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும்; அப்போது சாதாரணத் தொற்றே உயிரைப் பறித்துவிடக்கூடும். 1975இல் ஃபின்லாந்தில் எட்டுப் பேர் அவ்வாறு இறந்ததால் பல நாடுகளில் இதை நிறுத்தியே வைத்திருந்தார்கள். ரத்தத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது என்ற நிபந்தனையோடுதான் இது மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் பரிசோதனை, பிறகு மாதந்தோறும் என்று எங்களுக்கு அட்டவணை தந்தார்கள். பரிசோதனைத் தாளைக் காட்டினால்தான் மருந்தகத்தில் அடுத்த வாரத்துக்கான மாத்திரை கிடைக்கும்.

ஆறாவது வாரப் பரிசோதனை போகியன்று வந்தது. காலை ஏழரைக்கே ரத்தம் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் தாளை வாங்கிக்கொண்டு மருந்தகத்தின் முன் நின்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "டி.சி. இல்லையேம்மா, இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தார். தாளில் மொத்த வெள்ளணுக்கள் 6,400 என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. மொத்த எண்ணிக்கையை டோட்டல் கவுன்ட் என்பார்கள், வகை வாரியான எண்ணிக்கையை டிஃபரன்ஷியல் கவுன்ட் என்பார்கள். சுருக்கிச் சொன்னால் நம் வாயில் இரண்டுமே டி.சி. தான். லேபில் நான் வாயால் சொன்னதை டோட்டல் கவுன்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று தெரியாமல் அந்த 6,400ஐ வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கன மில்லிமீட்டருக்கு 1,500க்குக் குறையாமல் இருக்க வேண்டியது நியூட்ரோஃபில்தான், மொத்தம் அன்று.

லேபுக்கு ஓடினேன். மாதிரியைக் கொட்டிவிட்டார்கள், தம்பியையோ காலையிலேயே ஊருக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தேன். மருத்துவர் அதற்குள் கிளம்பியிருந்தார். "பொங்கல் முடிந்து வாங்க" என்பதற்கு மேல் கவுன்ட்டரில் எந்த வழியும் சொல்லவில்லை. விதியைக் காத்ததற்காக அவர்மீது எனக்குக் கோபமில்லை. இந்த மருந்தை நடுவில் விடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

போகி இரவோடு மாத்திரை தீர்ந்தது. எங்கள் ஊர்க் கடைகள் மூன்றிலும் குளோசபின் இல்லை. நான்காம் நாள் நாங்கள் போய் நின்றபோது மருத்துவர் முதலில் கேட்டது, கடைசி வேளை எப்போது என்பதைத்தான். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் உடல் அந்த அளவுக்குப் பழகியிருந்தது போய்விடும். பழைய 250ஐ அப்படியே கொடுத்தால் ரத்த அழுத்தம் சட்டென விழுந்து ஆள் மயங்கிவிடலாம், அதைவிட மோசமாகவும் ஆகலாம். ஆகவே மறுபடியும் 12.5. இம்முறை சற்று வேகமாக ஏற்றினார்கள் என்றாலும், பழைய அளவை எட்டும்வரை ஒவ்வோர் இரவும் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. ஐந்து வாரப் பாடு மூன்று நாளில் போயிற்று.

அன்று நான் செய்திருக்க வேண்டியவை பிறகுதான் தெரிந்தன. தம்பியைத் திரும்ப அழைத்துத் தனியார் லேபில் முழு ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் மாலைக்குள் தாள் கிடைத்திருக்கும். அவசரப் பிரிவில் இருக்கும் பணி மருத்துவரிடம் போயிருக்கலாம். விடுமுறை அவருக்குக் கிடையாது. அதன்பின் ஒவ்வொரு முறையும் லேப் சீட்டில் "டிஃபரன்ஷியல்" என்று முழுச் சொல்லையும் எழுதித் தரச் சொல்கிறேன், தாளைக் கையில் வாங்கியதும் சதவீத வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே இடத்தைவிட்டு நகர்கிறேன். பண்டிகைக்கு முந்தைய வாரம் பரிசோதனையை இரண்டு நாள் முன்னதாகவே வைத்துக்கொள்கிறோம்.

இன்னும் மூன்று செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இம்மருந்தால் வரும் மலச்சிக்கலை அலட்சியப்படுத்தாதீர்கள்; குடல் இயக்கமே நின்று உயிருக்கு ஆபத்தாகலாம். தம்பி நான்கு நாள் வெளியே போகாததைக் கூச்சத்தால் சொல்லாமலே இருந்தான், இப்போது அம்மா தினமும் கேட்டுவிடுகிறார். இம்மருந்தை எடுப்பவர் பீடி, சிகரெட் குடிப்பவராக இருந்து திடீரென்று நிறுத்தினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகை இம்மருந்தை ரத்தத்தில் குறைத்து வைத்திருக்கும். நிறுத்தியதும் அதே மாத்திரை அளவிலேயே மருந்து கூடிவிடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை எழுந்தபோது வீடு அமைதியாக இருந்தது. பயந்துபோய்த் தம்பியின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். எச்சில் வழிந்து தலையணை நனைந்திருக்க, அவன் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். ரேடியோ அணைந்திருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று திருகிப் பார்த்தேன், பாட்டு வந்தது. உடனே அணைத்துவிட்டேன்.