அப்புச்சியின் சீக்கோவுக்கு வயது கண்டுபிடித்த கதை

அம்மாவைப் பெற்ற அம்மாயி காலமான பிறகு பீரோவைப் பிரித்துப் பங்கிட்டபோது, அம்மாவின் அப்பாவான அப்புச்சி கட்டியிருந்த சீக்கோ 5 வாட்ச் என் கைக்கு வந்தது. கல்யாணத்துக்குச் சிங்கப்பூர் மாமா வாங்கிவந்து கட்டிவிட்ட வாட்ச், கல்யாணம் 1959, ஆக வாட்சுக்கும் அந்த வயசு. எங்கள் வீட்டில் எல்லாருமே இப்படித்தான் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன்.

ஓடாமல் இருந்ததால் சேலம் முதல் அக்ரஹாரம் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். பின்மூடியை பாலிஷ் போட்டு, டயலைப் புதுசாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று தருகிறேன் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை, திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அப்புறம்தான் தெரிந்தது. இந்த வாட்சின் பிறந்த தேதியே பின்மூடியில்தான் இருக்கிறது, பாலிஷ் போட்டால் முதலில் தேய்வது அந்த எண்தான்.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்மூடியில் இரண்டு எண்கள். 6119 என்று தொடங்கி, கோடு போட்டு இன்னும் நாலு இலக்கம் வருவது மாடல் எண், அதில் முதல் நாலும் உள்ளே இருக்கும் மிஷினின் எண். இன்னொன்று ஆறு இடம் உள்ள வரிசை எண், என்னுடையதில் 4N என்று ஆரம்பிக்கிறது. சீக்கோவில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். ஒன்பது வரை எண்ணாகவே இருக்கும், அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு O, N, D. அப்படியானால் நாலில் முடியும் ஏதோ ஒரு வருடத்தின் நவம்பர். எந்தப் பத்தாண்டு என்று வரிசை எண் சொல்லாது, மிஷின்தான் சொல்ல வேண்டும். 6119 அறுபதுகளின் பின்பாதியில் வந்து எழுபதுகளின் நடுவில் நின்றுபோன மிஷின். 64 கிடையாது, 84ம் கிடையாது, 1974 நவம்பர்தான். டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணும் 6119 என்றே தொடங்குகிறது, அதனால் டயலும் கூடவே பிறந்ததுதான். திரும்பப் பெயின்ட் அடித்த டயல்களில் பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்து இருக்காது, இருந்தாலும் தடித்து ஈஷிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம், சீக்கோ 5 என்ற வாட்சே 1963ல்தான் முதலில் வந்தது. 1959 கல்யாணத்தில் அதை யாரும் கட்டியிருக்க முடியாது.

அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை. பெரியம்மாதான் யோசித்துவிட்டு, "காலைல காப்பி குடிச்சதும் அப்பா வாட்சுக்குச் சாவி குடுப்பாரே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 6119 ஆட்டோமேட்டிக், கை அசைவில் ஓடுவது, அதற்குச் சாவி கொடுக்கவே முடியாது. கல்யாண போட்டோவைத் தேடி எடுத்துப் பார்த்தோம். அப்புச்சி கையில் தோல் வார், சாவித்திருகு மூன்று மணிக்கு நேராகத் துருத்திக்கொண்டு இருக்கிறது. சீக்கோ 5ல் அது நாலு மணிப் பக்கம் உள்ளே பதிந்து இருக்கும். பெரியம்மா பார்த்தது வேறு வாட்ச்.

கேட்க மிச்சம் இருப்பவர் அப்புச்சியின் தம்பி மட்டும்தான், ஏற்காட்டில் மகள் வீட்டில் இருக்கிறார், வயது எண்பத்தி நாலு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது வளைவும் ஏறிப் போய் வாட்சை அவர் கையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார், ரொம்ப நேரம் பேசவில்லை. "இது சிங்கப்பூர்க்காரர் குடுத்தது இல்ல சாமி, நான் குடுத்தது" என்றார்.

அவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, அப்புச்சி தன் கல்யாண வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டிருக்கிறார். ரயில்வேக்காரனுக்கு நேரம் முக்கியம், எனக்கு எஸ்டேட் மணி இருக்கிறது என்றாராம். அதற்கப்புறம் பல வருடம் அப்புச்சி காப்பித் தோட்டத்தில் மணிச் சத்தத்தை வைத்தே கணக்கெழுதப் போய்வந்திருக்கிறார். தம்பி சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லீவில் வந்திருந்த சிங்கப்பூர் மாமாவிடம் பணம் கொடுத்தனுப்பி, 1975ல் அவர் மறுபடி வந்தபோது இது வந்திருக்கிறது. நவம்பரில் செய்த வாட்ச் அடுத்த வருடம் கைக்கு வந்தது என்றால் சரியாகவே பொருந்துகிறது. கொண்டுவந்து கொடுத்தவர் மாமா என்பதால் பேர் அவருக்குப் போய்விட்டது. நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அண்ணனுக்குத் தெரியும்ல" என்றார்.

வாட்சை டயலைத் தொடாமல் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் சுத்தம் பண்ணி எண்ணெய் மட்டும் போடச் சொல்லி வாங்கிவிட்டேன், ஓடுகிறது. கல்யாண வாட்ச் இன்னும் சின்ன அப்புச்சியிடம்தான் இருக்கிறது. என்னிடம் தர மாட்டேன் என்கிறார், திறந்து பார்க்க மட்டும் சம்மதித்திருக்கிறார். மழை விட்டதும் அவரையும் வாட்சையும் கீழே கூட்டிவர வேண்டும்.