வாரம் முழுக்க வீதி, ஞாயிறன்று பந்தயத் தடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வருகிறவர் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டிய சொல் ‘ரோபோ’. “அடுத்த ரோபோவில் இடப்பக்கம் திரும்புங்கள், அண்ணா” என்று யாராவது வழி சொன்னால் இயந்திர மனிதனைத் தேட வேண்டாம். போக்குவரத்து விளக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். மின்வெட்டில் ரோபோ அணைந்துவிட்டால் அந்தச் சந்திப்பு நான்குபக்க நிறுத்தமாகிவிடும். முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், அடுத்து வந்தவர் அடுத்து. நம் ஊரில் ஹாரன் அடித்து மூக்கை நுழைக்கிற பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

‘கோல்டன் மைல்’ என்று பெயர் பெற்ற கடற்கரைப் பகுதியில் மாலை நேரத்தில் கார் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2006 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஒரு முறை, இங்குள்ள கடலோர வீதிகளை அடைத்து ‘ஏ1 கிராண்ட் பிரி’ பந்தயம் ஓடியது. அணிகளெல்லாம் நாடுகளின் பெயரில். எல்லோருக்கும் ஒரே கார்: லோலா அடிச்சட்டம், ஜைடெக் நிறுவனத்தின் 3.4 லிட்டர் வி8 என்ஜின், சுமார் 520 குதிரைத்திறன். வடக்கு நாடுகளில் குளிர்காலமாக இருக்கும் மாதங்களில் நடத்தப்பட்ட தொடர் என்பதால் டர்பனின் முறை ஜனவரி, பிப்ரவரியில் வந்தது. அதாவது இங்கே வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும்போது. 2006 ஜனவரி 29 அன்று நடந்த முக்கியப் பந்தயத்தில் நெதர்லாந்துக்காக ஓட்டிய யோஸ் வெர்ஸ்டாப்பன் வென்றார். இன்று உலகம் அறிந்த பார்முலா 1 ஓட்டுநர் மேக்ஸின் அப்பா அவர். இந்திய அணிக்கும் இந்தத் தொடரில் நம் ஆள் உண்டு: கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். அவர் வென்றது டர்பனில் இல்லை. 2007 டிசம்பரில், சீனாவின் ஜூஹாயில்.

2009-இல் தென்னாப்பிரிக்கச் சுற்று ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த கயலாமி பந்தயத் தடத்துக்குப் போனது. அந்தப் பருவத்தோடு தொடரே நின்றுவிட்டது. வீதிப் பந்தயங்கள் நீண்டநாள் தாங்காததற்குப் பணம் ஒரு காரணம். வீதியே இன்னொரு காரணம்.

ஒரு ஊர்ச் சாலையைப் பந்தயத் தடமாக்குவது பந்தல் போடுகிற வேலை அல்ல. இருபுறமும் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளை வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று இணைத்து இறுக்க வேண்டும்; ஒரு கட்டை தனியாக நகர்ந்தால் அதன் விளிம்பில் வந்து மோதும் கார் சுக்குநூறாகும். அதற்குப் பின்னால், உடைந்த துண்டுகள் பார்வையாளர் மேல் பறக்காதபடி உயரமான கம்பிவலை. வேகமாக வந்து பிரேக் அடிக்கும் திருப்பங்களில் டயர் அடுக்குகள். அவற்றைப் பட்டை போட்டுக் கட்டாவிட்டால் முதல் மோதலிலேயே சிதறி ஓடும்.

எல்லாவற்றையும்விடத் தொல்லை பிடித்தது மேன்ஹோல் மூடி. நாம் தினமும் அதன் மேல் ஏறிப் போகிறோம், ஒன்றும் ஆவதில்லை. பந்தயக் காரின் அடிப்பாகமோ தரையிலிருந்து சில சென்டிமீட்டர்தான். அந்த இடுக்கில் காற்று விரைந்து ஓடும்போது அழுத்தம் குறைந்து, கார் தரையை உறிஞ்சிக்கொண்டே போகிறது. மூடி தளர்வாக இருந்தால் அதுவும் மேலே எழும்பும். 2019-இல் அஜர்பைஜானின் பாக்கு நகர வீதிகளில் நடந்த பார்முலா 1 பயிற்சியில் ஜார்ஜ் ரஸ்ஸலின் வில்லியம்ஸ் காரை இப்படிக் கிளம்பிய மூடி ஒன்று அடியிலிருந்து கிழித்துப் போட்டது. பட்ட காலிலே படும் என்பார்கள்: அந்தக் காரைத் தூக்கிப்போன லாரியின் கிரேன் ஒரு பாலத்தில் இடித்து, அதன் எண்ணெயும் கார்மேலேயே கொட்டியது. ஆகவே பந்தயத்துக்கு முன் தடத்தில் உள்ள ஒவ்வொரு மூடியையும் பற்றவைத்தோ போல்ட் போட்டோ இறுக்குவார்கள். முடிந்தபின் கழிவுநீர் வேலைக்காக மறுபடி விடுவிப்பார்கள்.

அடுத்தது மேடுபள்ளம். 2023 பிப்ரவரி 25 அன்று கேப் டவுனின் கிரீன் பாயிண்ட் வீதிகளில், 2.921 கிலோமீட்டர் தடத்தில், மின்கார்களின் பார்முலா ஈ பந்தயம் நடந்தது. போர்ஷே அணியின் அன்டோனியோ ஃபெலிக்ஸ் டா கோஸ்டா வென்றார். ஆனால் மஹிந்திரா அணி தகுதிச் சுற்றுக்கு முன்பே விலகிக்கொண்டது. அந்த மேடுபள்ளத்தைப் பின்பக்க சஸ்பென்ஷன் தாங்குமா என்ற பாதுகாப்புச் சந்தேகம். அதே பாகங்களை வாங்கி ஓட்டிய இன்னொரு அணியும் கூடவே விலகியது. நம் நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு ஏமாற்றம்தான். இருந்தாலும் அது சரியான முடிவு. தடுப்புச் சுவர் கையெட்டும் தூரத்தில் இருக்கும் சாலையில் சஸ்பென்ஷன் முறிந்தால் ஓட்டுநர் செய்யக்கூடியது எதுவுமில்லை.

இந்த நாட்டின் பந்தய வரலாறு தொடங்கியதே பொதுச்சாலையில்தான். 1934 டிசம்பர் 27 அன்று இந்நாட்டின் ஈஸ்ட் லண்டன் என்ற கடலோர நகரில், ஊரையும் கடலோரத்தையும் சுற்றிய ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சாலையில் முதல் தென்னாப்பிரிக்க கிராண்ட் பிரி ஓடியது. மசெராட்டியில் வந்த விட்னி ஸ்ட்ரெயிட் வென்றார். அக்காலத்தில் மெதுவான காரை முதலில் கிளப்பிவிட்டு, வேகமான காரைக் கடைசியில் விடுவார்கள். 1937 புத்தாண்டன்று ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் கார்கள் வந்திறங்கியும் இந்தக் கணக்கை மீற முடியவில்லை, வென்றது இ.ஆர்.ஏ. காரில் ஓடிய பாட் ஃபேர்ஃபீல்ட். பிறகு தடம் 3.9 கிலோமீட்டராகச் சுருங்கியது. 1962 டிசம்பரில் கிரஹாம் ஹில் பார்முலா 1 உலகப் பட்டத்தை உறுதி செய்தது அங்கேதான். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் 1930களில் அலெக்சாண்ட்ரா பூங்காவைச் சுற்றிய சாலைகளில் கார்கள் பாய்ந்தன.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்த நாட்டில் பெரிய பெயர் ஒன்பது மணி நேரப் பந்தயம். 1958-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையே கிராண்ட் சென்ட்ரலில் தொடங்கி, 1961-இல் கயலாமிக்கு மாறியது. கயலாமி என்றால் ஜூலு மொழியில் ‘என் வீடு’. 2019-இல் அந்தப் பந்தயம் மீண்டும் உயிர்பெற்றது. அந்த ஆண்டு வென்றது போர்ஷே.

இந்தப் பழைய பந்தயங்களின் படங்களைப் பார்க்கிறவர்கள் பார்வையாளர் வரிசையையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்து இறக்கிய ஊர் டர்பன். அவர்களின் பேரப்பிள்ளைகள் இதே கடற்கரையின் நல்ல பகுதியில் கால் நனைக்க முடியாமல் இருந்தார்கள். பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த தனித்தனி வசதிகள் சட்டம் 1953-இல் வந்து 1990-இல்தான் நீங்கியது. இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வயதான ஒரு தாத்தாவிடம் “அந்தக் காலத்தில் பந்தயம் பார்த்தீர்களா?” என்று கேட்குமுன் இதை நினைவில் வைத்திருங்கள்.

இனி உங்கள் கார். உரிமத்தில் படம், கையொப்பம், ஆங்கில விவரம் மூன்றும் இருந்தால், தற்காலிக விசாவில் இருக்கும்வரை ஊர் உரிமத்தோடு ஓட்டலாம். நிரந்தர வதிவிடம் கிடைத்தால் ஒரு வருடத்துக்குள் இங்குள்ள உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான். ஊருக்குள் 60, வெளிச்சாலையில் 100, நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர்.

பெட்ரோல் நிலையத்தில் நீங்கள் இறங்கவே வேண்டாம். பணியாளரே பெட்ரோல் போடுவார், கண்ணாடி துடைப்பார், கேட்டால் காற்றும் பிடிப்பார். சில ரேண்ட் கொடுப்பது வழக்கம். காற்றுக்கு அவர் “எவ்வளவு?” என்று கேட்பது ‘பார்’ என்ற அழுத்த அலகில். ஊரில் 32 பி.எஸ்.ஐ. என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே 2.2 என்று சொல்ல வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய தகட்டில் இருக்கும். டயரின் வரிப்பள்ளம் 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது சட்டம். டர்பன் மழைக்கு அது போதாது. 3-க்குக் கீழே இறங்கியதும் மாற்றிவிடுங்கள்.

ஏனென்றால் வீதிப் பந்தயக்காரர்களைக் கவிழ்க்கும் அதே விஷயங்கள்தான் உங்களையும் கவிழ்க்கும். குளிர்கால வறட்சியில் சாலையில் படிந்த டீசலும் ரப்பர் தூளும், முதல் மழையின் ஆரம்ப நிமிடங்களில் மேலே மிதந்து வழுக்கும். கடற்கரையிலோ காற்று அடித்துக் கொண்டுவரும் மணல். ரோபோவுக்கு முன்னால் தடித்த பெயிண்டில் போட்ட நிறுத்தக் கோடு ஈரத்தில் சோப்புக்கட்டி மாதிரி. பந்தய ஓட்டுநர்கள் மழையில் பெயிண்டின் மேல் பிரேக் அடிப்பதைத் தவிர்ப்பார்கள். கோட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் சக்கரத்தை உருள மட்டும் விடுவார்கள். முதல் மழை பெய்யும்போது நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். பின்னால் மினிபஸ் டாக்ஸிக்காரர் விளக்கை மின்னி அவசரப்படுத்துவார். அவர் போகட்டும்.