முகவரி இல்லாத போர்ட்

இன்று சர்வர் அறையில், புதிதாக வந்த நெட்வொர்க் கண்காணிப்புக் கருவியின் இரண்டாவது போர்ட்டுக்கும் ஐ.பி. முகவரி கொடுக்கப் போன தம்பியைத் தடுத்து நிறுத்தினேன்.

"முகவரி இல்லாமல் அது எப்படி வேலை செய்யும் அண்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதல் போர்ட் நிர்வாகத்துக்கானது. நாம் உள்ளே நுழையும் வாசல் என்பதால் அதற்கு நிலையான முகவரி, நெட்மாஸ்க், கேட்வே எல்லாம் வேண்டும். இரண்டாவதோ, சுவிட்சின் மிரர் போர்ட் (மற்ற போர்ட்டுகளில் ஓடுவதை நகலெடுத்துத் தரும் போர்ட்) அனுப்பும் நகல் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கேட்பதற்கு மட்டுமே இருக்கிறது. அது எவருக்கும் பதில் சொல்லக் கூடாது என்பதால் ஐ.பி.வி6 உட்பட எந்த முகவரியும் தராமல், தனக்கு வராத பாக்கெட்டுகளையும் ஏற்கும் புரோமிஸ்கியுவஸ் நிலையில் வைத்தோம்.

பலரும் கவனிக்காமல் விடுவது அடுத்ததைத்தான்.

வேகத்துக்காக நெட்வொர்க் கார்டும், இயங்குதளத்தின் மையமான கெர்னலும் தொடர்ந்து வரும் பாக்கெட்டுகளை ஒன்றாக ஒட்டி மேலே அனுப்பும். 1500 பைட் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) உள்ள இணைப்பில் அதைவிடப் பல மடங்கு பெரிய பாக்கெட் தெரிந்தால், ஊடுருவலைக் கண்டறியும் சுரிகாட்டா போன்ற மென்பொருள் கம்பியில் ஓடியதை ஓடியபடியே பார்க்கவில்லை என்று பொருள். நெட்வொர்க் கார்டின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையால், இப்படி ஒட்டும் ஜி.ஆர்.ஓ., எல்.ஆர்.ஓ. வசதிகள் இரண்டையும் அணைத்தோம். ரீபூட் செய்தால் இந்த மாற்றம் அழிந்துவிடும் என்பதால், அந்த போர்ட்டின் இன்டர்ஃபேஸ் எழும்போதே அந்தக் கட்டளை ஓடும்படி கான்ஃபிக் கோப்பிலும் எழுதிவைத்தோம்.

இன்னொன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1 கிகாபிட் இணைப்பில் இரு திசைகளையும் சேர்த்தால் 2 கிகாபிட் வரை ஓடலாம். அதன் நகலை 1 கிகாபிட் மிரர் போர்ட்டில் திணித்தால், மிஞ்சியதை சுவிட்ச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். அந்த இழப்பு கருவியின் கணக்கில் வரவே வராது. நாளை காலை முதல் வேலையாக சுவிட்ச் பக்கத்து டிராப் கணக்கை (கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை) தம்பியையே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.